பழைய பெயர் தேடலில் வராது

என் அண்ணன் மகள் பிரேமினி நோர்வூட்டில் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை; கூலிக்காரர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். ஹட்டன் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் கல்வி நிலையத்தில் டிப்ளோமா முடித்திருந்தாள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கணக்கு வேலைக்கு நேர்முகம் வந்தது. துணைக்கு நான் போனேன்.

மேனேஜர் அப்ராஸ் சான்றிதழைப் பார்த்துவிட்டு போனில் தேடினார்.

"தோட்டத் தொழிலாளர் கல்வி நிலையம்னு ஒண்ணுமே இல்லையே மிஸ். அந்த இடத்துல முகாமைத்துவக் கல்வி நிலையம்னு ஒரு மேனேஜ்மென்ட் காலேஜ்தான் காட்டுது. அதுவும் நீங்க படிச்சு முடிச்ச பொறகுதான் தொடங்கியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான் சார். பேரை மாத்திட்டாங்க."

"போன மாசம் கள்ள சர்ட்டிபிகேட்டோட வந்தவரும் இதத்தான் சொன்னாரு. கடிதம் எல்லாம் கொண்டு வராதீங்க, அதையும் கடையில அடிச்சுக் குடுக்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள தேடுனா வரணும். வந்தா வேலை ஒங்களுக்கு."

நேரே அந்த நிலையத்தின் நூலகத்துக்குப் போனோம். அங்கே உதவியாளராக இருக்கும் வினோதா கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"கூகுளுக்கு தானா ஒண்ணும் தெரியாது மாமா. எந்த நிலையம், எந்தப் பீடத்துக்குக் கீழ, எப்பத் தொடங்குனதுன்னு லைப்ரரியில இருந்து நாங்கதான் நெட்டுல எழுதிப் போடுறோம். அது வாசிச்சு நம்பிக்கும். முந்தின பேரு இதுதான்னு ஒரு வரி சேர்த்தா போதும், ரெண்டு மூணு நாள்ல வந்துரும்."

"அப்ப ஏன் போடல?"

"பணிப்பாளர் வேணாம்னுட்டார்."

இருந்தாலும் தட்டச்சு செய்தாள். பிரேமினி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பணிப்பாளர் மதுரன் உள்ளே வந்தார்.

"யாரைக் கேட்டு எழுதுற வினோதா? அழி."

"சார், ஒரு வரிதான்," என்றாள் பிரேமினி. "என் வேலையே அதுலதான் இருக்கு."

"தொழிலாளர்னு வந்தா கொழும்புப் பிள்ளைங்க இங்க படிக்க வருமா? ஒன் ஒருத்திக்காக நான் நிலையத்தை நாறடிக்கணுமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க அம்மாவும் எங்க தோட்டத்துல காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல கொழுந்துக் கூடையோட நின்னவங்கதானே தம்பி?"

அவர் முகம் கறுத்தது. "அதனாலதான் அந்தப் பேரு வேணாங்கிறேன். தம்பின்னு கூப்பிடுற வேலை வச்சுக்காதீங்க. அழி வினோதா."

வினோதா அழித்தாள். அவளுக்கும் சம்பளம் அவர் கையெழுத்தில்தான்.

வெள்ளிக்கிழமை பிரேமினி வெறுங்கையோடு போனாள். அப்ராஸ் கத்தவில்லை. "அறை துடைக்க, தேத்தண்ணி குடுக்க ஆள் வேணும். அதுக்கு சர்ட்டிபிகேட் கேக்க மாட்டோம்," என்றார். வீட்டு நிலைமைக்கு அவள் சரி என்றாள்.

போன வாரம் அதே ஹோட்டலில் நிலையத்தின் கூட்டம். தேடினால் தங்கள் நிலையம் எப்படி முதலாவதாக வருகிறது என்று மதுரன் பெரிய திரையில் காட்டினாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். பிரேமினி அவரிடம் தேத்தண்ணியை நீட்டியிருக்கிறாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தாராம். நன்றாகவே பார்த்தாராம்.

"சீனி போடாம கொண்டா," என்றாராம்.