எதிரும் புதிருமாக ஒரு சுற்று

புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மதியம் மூன்று மணிக்கு அலைடா ஓடக் கிளம்பிவிடுவாள். ஏடே நகரில் பஸ் ஓட்டுபவள் அவள். அந்த இரண்டு நாளும் மாலை வண்டி என்பதால் மதியம் முழுக்க அவளுக்குச் சொந்தம். பூங்கா வாசலில் நின்று காலை உதறிக்கொண்டு, கைக்கடிகாரத்தைத் தட்டிவிட்டால், முதலில் வாத்துக் குளம், அப்புறம் பீச் மரக்காடு, அதைத் தாண்டினால் வானம் பார்த்துக் கிடக்கும் ஹைடே புதர்வெளி, பிறகு பைன் காடு, திரும்பவும் அதே குளத்தங்கரை வழியாகப் பூங்கா வாசல். மொத்தம் பத்துக் கிலோமீட்டர். ஐம்பத்தேழு வயதில் அதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கும் பெண்கள் அந்த ஊரில் அதிகம் இல்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

எவர்ட் மூன்றேகாலுக்குக் கிளம்புவான். அதே வாசல், அதே சுற்று, ஆனால் எதிர்ப்பக்கமாக. சனிக்கிழமைச் சந்தையில் சீஸ் கடை போடுகிறவன். மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. ஓடு ஓடு என்று டாக்டர் சொன்னதால் ஓட ஆரம்பித்து, பிறகு டாக்டரையே மறந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். ஓட்டம் என்று அதைச் சொல்வது மரியாதைக்காகத்தான். நல்ல நடைக்காரர்கள் அவனைத் தாண்டிப் போவார்கள்.

இருவரும் வழியில் ஒரே ஒரு முறை எதிர்ப்படுவார்கள். அவன் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் புதர்வெளியின் விளிம்பில். கொஞ்சம் தாமதித்தால் பைன் காட்டில். ரொம்பத் தாமதித்தால் குளத்தங்கரையில் வாத்துகளுக்கு முன்னால். மூன்று வருடமாக இதுதான் நடந்துவந்தது. முதல் வருடம் கையை ஆட்டிக்கொண்டார்கள். இரண்டாவது வருடம் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் நிற்க மாட்டார்கள். அலைடா நிற்கிற ஜாதி இல்லை. அதனால் ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம்தான் தேறும்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று ஒரு புதன்கிழமை கேட்டான்.

"பஸ் ஓட்டுறேன்!" என்று ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது.

அவன் பெயரைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அவன் மனைவி இறந்த செய்தியை அவன் ஒரு நவம்பர் மழையில் சொன்னான். அதற்கு என்ன சொல்வது என்று அலைடா நான்கு நாள் யோசித்து, கடைசியில், "எனக்கு விவாகரத்து, ஆனா அதுல எனக்கு வருத்தமே இல்ல!" என்று கத்திவிட்டுப் போனாள். சொன்ன பிறகுதான் அசடு வழிந்தது. பின்னால் அவன் சிரிக்கும் சத்தம் மரங்களுக்கு நடுவே ரொம்ப தூரம் கேட்டது.

ஆகஸ்ட் கடைசி. புதர்வெளி முழுக்க ஊதாப் பூ பூத்து, தேனீக்கள் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்த புதன்கிழமை. காற்று பலமாக இருந்தது. எவர்ட் தூரத்திலேயே ஆரம்பித்துவிட்டான்.

"ஒரு ஜோக்கு! ஒருத்தன் எதிர்க்காத்துல மூச்சு முட்ட சைக்கிள் மிதிச்சுட்டு வர்றான். வழியில நிக்குற பெரியவர்கிட்ட, பார்னவெல்ட் ஊருக்கு இன்னும் எவ்வளவு தூரம்னு கேக்குறான்..."

அதற்குள் இருவரும் தாண்டிவிட்டார்கள்.

"உங்க கடையில இருக்குற சீஸை விடப் பழைய ஜோக்கா இருக்கும்போல!" என்று அலைடா திரும்பாமலே சொன்னாள்.

அவன் ஏதோ பதில் கத்தினான். காற்று அதை அள்ளிக்கொண்டு போனது. "அடுத்த தடவை" என்ற இரண்டு சொல் மட்டும் காதில் விழுந்தது.

அடுத்த தடவை அவன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளியின் விளிம்பு வந்தது, ஆள் இல்லை. தாமதம் போலிருக்கிறது என்று பைன் காட்டில் ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தாள். குளத்தங்கரையில் வாத்துகள் மட்டும் இருந்தன. பூங்கா வாசலில் பத்து நிமிடம் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டம் முடிந்தும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. ஆனால் பஸ் காத்திருக்காதே. போனாள்.

அன்று இரவு முழுக்க அவளுக்கு அந்த ஜோக்குதான். பழைய சீஸ் என்று ஏன் சொன்னோம்? மனுஷனுக்கு அது சோறு போடுகிற தொழில். கோபித்துக்கொண்டு நேரத்தை மாற்றிவிட்டான், நான் வருவதற்கு முன்பே ஓடி முடித்துவிடுகிறான் என்று அவளாகவே முடிவு கட்டினாள். அவனுடைய வீடு தெரியாது, போன் நம்பர் தெரியாது. ஒரு வாக்கியத்தில் அதெல்லாம் எங்கே கேட்பது?

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஒரு பெண் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"அம்மா டிரைவரம்மா, என் நிறுத்தம் போயிடுச்சு. அதுக்கு முந்தின நிறுத்தமும் போயிடுச்சு. நேரா ஆம்ஸ்டர்டாமுக்கா?"

புதன்கிழமை அலைடா ஒரு காரியம் செய்தாள். பூங்கா வாசலில் வழக்கமாக இடப்பக்கம் திரும்புகிறவள் வலப்பக்கம் திரும்பினாள். அவன் முன்கூட்டியே கிளம்பியிருந்தாலும் அவன் வழியிலேயே போனால் பின்னாலிருந்து பிடித்துவிடலாம். அவன் வேகத்துக்கு அது ஒரு பெரிய காரியமா? பிடித்து, மன்னிப்புக் கேட்டு, மிச்ச ஜோக்கையும் கேட்டுவிட வேண்டும்.

பதினோரு வருடம் ஓடிய பாதை, எதிர்ப்பக்கமாக ஓடினால் வேறு பாதையாக இருந்தது. எந்த மரமும் அவளை அடையாளம் காணவில்லை. இறக்கம் என்று நினைத்துச் சோம்பேறியாக இறங்கிவந்த இடமெல்லாம் ஏற்றமாக முகம் காட்டியது. பைன் காட்டில் ஆள் இல்லை. மூச்சு வாங்க, புதர்வெளிக்குள் நுழைந்தாள்.

அங்கே ஆட்டு மந்தை பாதையை அடைத்துக்கொண்டு மேய்ந்தது. மேய்க்கிறவள் ஜான்டினே கோலில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். இருவரையும் மூன்று வருடமாகப் பார்ப்பவள். அலைடா வரும் திசையைப் பார்த்ததும் ரொட்டி அவளுக்குப் புரையேறிவிட்டது.

"ஐயோ, நீங்களுமா!"

"என்ன நானுமா?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. போங்க. நேராப் போங்க. ஆட்டை மிதிச்சுடாதீங்க." அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாயும் ஏதோ புரிந்ததுபோல வாலை ஆட்டியது.

அலைடா ஆடுகளை விலக்கிக்கொண்டு மந்தையின் மறுபக்கம் வந்தாள். அங்கிருந்து ஒரு ஆள் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான். ஆனால் முகம் இந்தப் பக்கம் இல்லை. கழுத்தை முழுக்கத் திருப்பி, பின்னால் யாரோ வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே, கிட்டத்தட்டப் பின்பக்கமாகவே ஓடிவந்தான். தலையில் எவர்ட் எப்போதும் போடும் சிவப்புத் தொப்பி.

"எவர்ட்!"

அவன் துள்ளி விழுந்தான். நிஜமாகவே விழுந்தான், பக்கத்து ஊதாப் புதரில். தேனீக்கள் எழுந்து முணுமுணுத்துவிட்டு வேறு பூவுக்குப் போயின.

"நீங்க அந்தப் பக்கத்துலேருந்துல்ல வரணும்!" என்று புதருக்குள்ளிருந்தே சொன்னான்.

"நீங்க இந்தப் பக்கத்துலேருந்துல்ல வரணும்!"

"நான்தான் போன புதன்கிழமையே சொன்னேனே. அடுத்த தடவை உங்க பக்கமாவே ஓடிவந்து மிச்ச ஜோக்கைச் சொல்றேன்னு."

"எனக்கு எங்க கேட்டுச்சு? காத்து!"

"ஞாயித்துக்கிழமை உங்க பின்னாலயே உயிரை விட்டு ஓடினேன். புள்ளியாக்கூடத் தெரியல நீங்க. வாசலுக்கு வந்து பாத்தா யாரும் இல்ல. அதான் இன்னிக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். நீங்களே வந்து என்னைப் பிடிக்கட்டும்னு."

அலைடா இடுப்பில் கை வைத்து நின்றாள். நின்றுகொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? சீஸ்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

"கோவமா? அந்த வார்த்தையைக் கடையில வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சுட்டு இருக்கேன்."

அவள் கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டாள். கையை விட இருவருக்கும் கொஞ்ச நேரம் ஆனது.

"சரி, வாங்க. உங்க பக்கமாவே போவோம்" என்று அலைடா அவன் வந்த திசைக்குத் திரும்பினாள்.

"இல்ல இல்ல, உங்க பக்கமா" என்று அவன் சொன்னதும் அதே நொடியில்தான். அவனும் திரும்பிவிட்டான். இருவரும் நான்கு எட்டு வைத்த பிறகு பார்த்தால் ஒருவருக்கொருவர் முதுகு.

மந்தைக்கு அப்பால் ஜான்டினே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போதும்! என்னால முடியல! மூணு வருஷமா ஒரு திசையில போகத் தெரியாத ரெண்டு பேரை நான் பாத்ததில்ல. என் ஆடுங்களே தேவல!"

"அப்ப நீயே சொல்லு, எந்தப் பக்கம்?" என்று அலைடா கேட்டாள்.

"ஆடு வந்த பக்கம். தோ, அந்த மணல் தடம். எந்தச் சுத்துலயும் சேராது. யாருக்கும் தோல்வி இல்ல."

அந்த ஒற்றைத் தடத்தில் இருவரும் இறங்கினார்கள். பக்கத்துப் பக்கத்தில் ஓட இடமில்லை. ஒருவர் மணலில் ஓடினால் மற்றவர் புதரை உரசிக்கொண்டு ஓட வேண்டும். ஐம்பது எட்டுக்குள் எவர்டுக்கு மூச்சு போய்விட்டது.

"பேசவும்... ஓடவும்... ரெண்டும் முடியாது."

அலைடா வேகத்தைக் குறைத்தாள். எப்படிக் குறைப்பது என்று அவள் கால்களுக்கே தெரியவில்லை. கட்டி இழுத்த குதிரைபோலத் தடுமாறின. பிறகு பழகிவிட்டது. மெதுவாக ஓடினால் எத்தனை விஷயம் கண்ணில் படுகிறது! வானம்பாடி ஒன்று நேர் மேலே எழுந்தது. தடத்தின் மணலில் பல்லி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இவன் ஓடும்போது லேசாக விசில் அடிக்கிறான்.

"அந்தப் பெரியவர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"எந்தப் பெரியவர்?"

"பார்னவெல்ட் எவ்வளவு தூரம்னு கேட்டானே."

"ஆங்! 'இப்படியே போனா நாப்பதாயிரம் கிலோமீட்டர் தம்பி. திரும்பிப் போனா அஞ்சுதான்'னாரு."

பள்ளிக்கூடத்திலேயே அவள் கேட்ட ஜோக்கு. ஆனால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விலா பிடித்துக்கொள்ள, ஒரு பிர்ச் மரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். பூங்கா வாசலுக்கு வந்தபோது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடிகாரத்தை நிறுத்த அவள் மறந்தே போனாள். அது அவளோடு பஸ் ஏறி, நகரம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை வண்டி மாறும் இடைவேளையில் அலைடா சந்தைக்குப் போனாள். சீருடை, கழுத்தில் துணி, வாரிய தலை. சீஸ் கடை முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. அவள் முறை வந்தது.

"சொல்லுங்கம்மா, என்ன வேணும்?" என்றான் எவர்ட், கத்தியைத் துடைத்துக்கொண்டே.

அவள் இடுப்பில் கை வைத்தாள். அவன் மறுபடி நிமிர்ந்தான். ஒரு கணம் முழித்தான். பிறகு காது வரை சிவந்தான்.

"வேர்க்காம இருக்குற உன்னை நான் பாத்ததே இல்லையே!"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. வரிசையில் நின்ற கிழவர்தான் கவனித்தார்.

"தம்பி, குடும்பக் கதையெல்லாம் அப்புறம். எனக்கு அரைக் கிலோ சீரகச் சீஸ்."

"அஞ்சு நிமிஷம் பொறுங்கய்யா" என்று சொல்லிவிட்டு எவர்ட் மேலங்கியைக் கழற்றிப் பலகைமேல் போட்டான். கடையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வெளியே வந்தான்.