நடக்காத தேர்வின் மதிப்பெண்கள்

துறைத்தலைவர் இரண்டு தாள்களை மேசைமேல் அருகருகே வைத்தார். ஒன்று செய்முறைத் தேர்வின் மதிப்பெண் பட்டியல். மற்றொன்று அவளுடைய விடுப்பு விண்ணப்பம்.

பதினான்கு வருடமாக அந்தக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இரண்டு வருட ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தது. வேலையை விட்டுவிட்டுப் போக மனமில்லை. விடுப்பில் போனால் திரும்பி வந்து இதே வகுப்பில் நிற்கலாம். பள்ளி ஆசிரியரான கணவரும் அதே கணக்கில் விடுப்பு வாங்கிவிட்டார். துறைத்தலைவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பட்டியலில் நாற்பத்திரண்டு மாணவர்கள். எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். தேர்வுதான் நடக்கவில்லை. அதற்கு வேண்டிய ஒரே கருவி ஐந்து மாதத்துக்கு முன் பழுதுபார்க்கப் போனது, போனதுதான். தேர்வாளர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும் அச்சாகித் தயாராக இருந்தது.

கருவி வந்ததும் தினம் ஆறு பேராக உட்காரவைத்து நடத்தி முடித்துவிட்டே கிளம்புகிறேன் என்றாள். நாளை மாலைக்குள் மதிப்பெண் போய்ச் சேராவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீண் என்றார் அவர். அதுவும் பொய்யில்லை.

"நீங்க கையெழுத்துப் போடலைன்னா இன்னொருத்தர் போடப்போறாங்கம்மா. பட்டியல் எப்படியும் போயிடும். போகாதது உங்க விடுப்பு மட்டும்தான்."

மிரட்டும் குரல்கூட இல்லை. மூன்று வேளையும் மாத்திரை சாப்பிடுகிறவரின் குரல்.

ஒரு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்கு வந்தாள். கணவர் கூடத்தில் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உன் கொள்கைக்குத் தனிப் பெட்டி வேணும், இருபத்துமூணு கிலோவுல அடங்காது" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பரிசோதனைக்கூடங்களில்தான் வேலைக்குப் போவார்கள். யாருடைய ரத்தத்தையோ அளந்து எண் எழுதுவார்கள். அளக்காமல் எண் எழுதலாம் என்று அவளே கற்றுக்கொடுப்பதா?

மறுநாள் பட்டியலைத் தொடவில்லை. விடுப்பு விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ராஜினாமா கடிதத்தை நீட்டினாள். துறைத்தலைவர் நிதானமாகப் படித்தார். பக்கத்து அறைப் பேராசிரியரை வரச்சொன்னார். அவர் நின்றபடியே பட்டியலில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது அவள் பக்கம் திரும்பவில்லை.

வீட்டு வாசலில் கணவர் கேட்டார்.

"விடுப்பா?"

"இல்லைங்க. விட்டுட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்ப ரெண்டு வருஷம் கழிச்சு?"

"தெரியல. அங்கயே ஏதாவது பார்க்கணும்."

"அங்க மட்டும் எல்லாரும் அளந்துதான் எழுதுவாங்களா?"

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் எழுந்துபோய், தன் பள்ளிக்கும் ராஜினாமா எழுத வெள்ளைத்தாள் தேடினார்.