தாயோடு சேர்த்து வைத்தவர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் சின்னவன், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தவளைத் தொட்டியருகே ஓடினான். பிளாஸ்டிக் பேசின் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

நீரிலேயே வாழும் குட்டித் தவளை ஜோடி ஒன்றை அவன் வளர்த்தான். பெண்ணுக்கு மகாராணி என்று பெயர். அவளை முட்டையிட வைக்க அவன் படாத பாடில்லை. குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக ஒருநாள் ஆறப்போட்டான், இதமாகச் சூடாக்கினான், ஆணுக்கு ஜாடைமாடையாக அறிவுரைகூடச் சொன்னான். இன்று விடிகாலையில்தான் கசகசா தூவியதுபோல் முட்டைகள் மிதந்தன. ஸ்பூனால் அள்ளிப் பேசினுக்கு மாற்றிவிட்டு, "யாரும் தொடாதீங்க" என்று வீட்டுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

"யாருப்பா இதைக் கழுவினது?"

"நான்தான்" என்றார் அப்பா. பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தப் பிள்ளையையும் வழியில் விட்டதில்லை என்பது அவருடைய பெருமை. "பச்சப் பிள்ளைங்கள தாய்கிட்டேருந்து பிரிச்சு வச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷனாடா? எல்லாத்தையும் அவகிட்டயே சேத்துட்டேன். பாரு, எப்படிக் கொஞ்சுறான்னு!"

மகாராணி கொஞ்சிக்கொண்டிருந்தாள். கடைசி முட்டையை இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளித் தள்ளிக் கொஞ்சினாள்.

"கொஞ்சலையப்பா, திங்கிறா!"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மகன் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி, எதையும் ஒளிக்கவில்லை.

"பெத்ததையேவா?"

"ஆமா! அதுக்குத்தானே பிரிச்சேன்!"

"ஏன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"தொடாதீங்கன்னா தொடாதீங்கப்பா! அதுக்கு விளக்கவுரை வேற எழுதி ஒட்டணுமா?" காலிப் பேசினைத் தூக்கிக் காட்டினான். "எத்தனை மாசம்... என் சட்டையைத் துவைச்சு சுருக்குவீங்க, என் போனை எடுத்துப் பேசுவீங்க, இப்போ இதுவும். இந்த வீட்டுல என்னோடதுன்னு ஒண்ணு இருக்கக் கூடாதா?"

தொட்டிக்குப் பின்னால், ஆறிய தண்ணீர் நிரம்பிய டம்ளரில் காலையில் போட்ட ஸ்பூன் கிடந்தது. அதன் குழியோரத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் ஒட்டியிருந்தன.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். முட்டைகள்தான்.

உதவிக்கு அப்பாவின் கை நீண்டது.

"கைய எடுங்கப்பா."

எடுத்தார். அவன் செருப்பைக் கழற்ற வாசலுக்குப் போனான்; கோபத்தில் வார் கழலவே மாட்டேனென்றது. அதற்குள் அம்மா, "எச்சில் டம்ளரை எவன் இங்க வச்சான்?" என்றபடி தொட்டிப் பக்கம் வந்தார்.

"தொடாதே!"

அந்த ஒரு சொல்லுக்கு அம்மா ஆடிப்போனார்.

"ஏன், என்னவாம்?"

"தொடாதேன்னா தொடாதே!" என்றார் அப்பா, டம்ளருக்கும் அம்மாவுக்கும் நடுவே இரண்டு கைகளையும் விரித்து.

வாசலில் நின்றவனுக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் வார் கழன்றது.