கடைசி ஃபாரம்

கைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்து உயிரை விட்டிராவிட்டால் மகள் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டாள். பதினான்கு வயது வரை பாடப்புத்தகம் தவிர எதையும் புரட்டாத புண்ணியவதி. அம்மா வேலை பார்க்கும் பைண்டிங் கூடத்தில், அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டதால் கழித்துப்போட்ட பிரதி அது. வீட்டில் ஆடும் மேசைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. பொழுது போகாமல் உருவினாள். அப்புறம் சாப்பிடக்கூட மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

காணாமல் போன ஊர்களைத் தேடிப் போகும் ஒரு வரைபடக்காரப் பெண், அவளைச் சுமந்துகொண்டு பறக்கும் ஒரு கிழட்டு டிராகன். உட்கார்ந்த இடத்திலெல்லாம் குறட்டை விடுவதால் அதற்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர். மொத்தம் ஐந்து பாகம். அம்மாவை நச்சரித்து இரண்டாம் பாகத்திலும் ஒரு கழிவுப் பிரதியை வரவழைத்தாள். மூன்றே நாளில் கடைசிக்கு வந்தாள். மார்பில் ஈட்டி பாய்ந்து தூங்குமூஞ்சி ஆற்றில் விழுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினால், "குஞ்சுகளுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வைக்கவும்" என்றிருந்தது. கடைசி ஃபாரம், அதாவது கடைசிப் பதினாறு பக்கம், கோழி வளர்ப்புப் புத்தகத்தினுடையது.

"அம்மா! யாரும்மா இதை அடுக்கினது?"

அம்மா திருதிருவென்று விழித்தாள். அடுக்கியதே அவள்தான். "அன்னைக்கு ரெண்டு புக்கும் ஒரே மேசையில கிடந்துச்சுடி."

"தூங்குமூஞ்சி செத்துடுச்சா, பொழச்சுச்சா?"

"எனக்கென்ன தெரியும்? நான் படிச்சுப் பாத்தா அடுக்குறேன்?"

"அப்போ அந்த ஃபாரத்தைக் கொண்டு வா."

"நல்ல தாள் ஒண்ணுகூட வாசலைத் தாண்டாது. பையைத் திறந்து பாப்பாங்க."

"படிச்சுட்டாவது வந்து சொல்லும்மா!"

மறுநாள் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் வழிமறித்தாள். அம்மா ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். "பொழச்சுக்குச்சுடி. கரையேறி ஒரு தும்மல் போட்டுட்டு, அப்படியே தூங்கிடுச்சு."

மகளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வகுப்பில் கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் அந்தத் தும்மலை நடித்துக் காட்டினாள். மூன்று வாரம் கழித்துப் பள்ளி நூலகத்தில் மூன்றாம் பாகம் கிடைத்தது. வீட்டுக்கு ஓடிவந்து பிரித்தாள். முதல் வரியிலேயே, தூங்குமூஞ்சியைப் புதைத்த மேட்டில் புல் முளைத்திருந்தது.

அம்மா வந்ததும் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்லிட்டியேம்மா! தும்மிச்சுன்னியே!"

"சொல்ல வாய் வரலடி." அம்மா நாற்காலியில் சரிந்தாள். "சாப்பாட்டு நேரத்துல படிச்சேன். ஒரு வாய் இறங்கல. தேம்பித் தேம்பி அழறேன், சூப்பர்வைசர் ஓடிவந்து, வீட்டுல யாருக்கும்மா என்ன ஆச்சுன்னு கேக்குறாரு. டிராகன் செத்துப்போச்சுன்னு சொல்ல முடியுமா?"

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. "மூணு வாரமா எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?"

"தெரியும்டி. அதுக்குத்தான் சொன்னேன்."

அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அந்தப் பொண்ணு இப்ப தனியாவா போறா? நகரு, நானும் பாக்குறேன்."

இருவரும் தோளோடு தோள் ஒட்டிப் படித்தார்கள். அம்மா எழுத்துக் கூட்டாத குறையாக, மெல்ல மெல்லப் படிப்பவள். மகள் பக்கத்தின் கடைசி வரிக்குப் போய் நின்று, அம்மா வந்து சேரும்வரை திருப்பாமல் காத்திருந்தாள்.