மூச்சு விட வந்தவர்கள்

தோர்லெய்வின் அடக்கத்துக்குப் பத்துப் பேர் வந்தாலே அதிகம் என்று ஊரில் பேச்சு. எங்கள் பள்ளத்தாக்கின் பழைய மரத் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். குளிர்காலத்தில் ஹீட்டரை ஏற்றவே விடமாட்டார். காற்று காய்ந்தால் பலிபீடத்து மரச் சிற்பங்கள் சுருங்கி, வண்ணம் உதிரும் என்பார். கிறிஸ்துமஸுக்கும் அதே பதில்தான். கல்யாணப் பெண்கள் வெடவெடத்துக்கொண்டே மோதிரம் மாற்றினார்கள். "அந்தாளு சாவுக்குப் போனா நாமளும் விறைச்சுச் செத்துருவோம்," என்று காபிக் கடையில் ஐனார் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குப் பின் அந்த வேலைக்கு வந்த நானும் சிரித்தேன்.

அடக்கத்தன்று காலை கதவைத் திறந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது. முன்வரிசையில் அவர் மனைவி ராக்னில்ட், கோட்டைக் கழற்றி மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வீட்ல இருந்த சாவியால தொறந்து நேத்தே ஹீட்டரப் போட்டுட்டேன். காலம் பூரா இந்த மரத்துக்காக விறைச்சுக் கெடந்த மனுசன். இன்னிக்காவது சூடா படுத்திருக்கட்டும்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. காற்றின் ஈரத்தைக் காட்டும் சுவர் ஈரமானியின் முள் அடியில் கிடந்தது. பலிபீடத்து யோவான் சிற்பத்தின் கன்னத்தில் வண்ணம் பொருக்குப் பொருக்காகத் தூக்கியிருந்தது. அதைக் காப்பாற்றத்தான் மனிதர் ஊரையே பகைத்துக்கொண்டார். சூட்டைச் சட்டென்று குறைத்தாலும் மரம் வெடிக்கும். மெல்லத்தான் இறக்க வேண்டும். அதுவரை காற்றுக்கு ஈரம் வேண்டும். ஆட்கள் நிறைந்தால் அவர்கள் மூச்சே ஈரம்தான். வீடு வீடாக ஓடினேன்.

"எதுக்கு? அந்தாளுக்கு அழவா?" என்றார் ஐனார்.

"அழ வேணாம்யா, வந்து மூச்சு விடு, போதும். யோவான் மூஞ்சி உரியுது. கோட்டுப் பனியத் தட்டாம வா."

"தட்டாம வந்தா அவரு கத்துவாரே!" என்றார் பழக்கத்தில். பிறகு தொப்பியை எடுத்தார். அந்த யோவானுக்கு முன்னால்தான் எங்கள் எல்லோருக்கும் ஞானஸ்நானம்.

தேவாலயம் நிரம்பியது. நனைந்த கம்பளி நாற்றம். பாட்டுகளை ஒரு சரணம் விடாமல் பாடினார்கள். முள் மெல்ல ஏறியது. யோவானின் கன்னத்தில் ஒரு பொருக்குகூட உதிரவில்லை.

வாசலில் ராக்னில்ட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊரே என்னை வெறுக்குதுன்னு சொல்லிட்டே செத்தாரு. பாத்தியா, ஒருத்தர் பாக்கியில்ல."

நான் ஐனாரைப் பார்த்தேன்.

"அவருக்காகத்தான்க்கா வந்தோம்," என்றார் பக்கத்தில் நின்ற ஐனார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அது பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை.