பூசைக்கு வைத்த பெட்டி

படத்தைப் பார்த்ததும் தக்சாயினிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அலுவலக வட்சப் குழுவில் பிரசாந்தி போட்ட வாணி விழாப் படம். சரஸ்வதி, கும்பம், அவல், கடலை, புத்தகங்கள், ஆறு லப்டொப்புகள். எல்லாவற்றுக்கும் நடுவில் செவ்வந்தி மாலையும் சந்தனப் பொட்டுமாக அந்தப் பெரிய கணினிப் பெட்டி. அதன் வயர் அழகாகச் சுருட்டிப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது.

ஓடிக்கொண்டிருக்க வேண்டிய பெட்டி அது. முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கு அவள்தான் ஓடவிட்டு வந்தாள்.

இரண்டு வருடமாக அவள் எழுதியது, ஆட்கள் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடியதாக மாற்றுகிற ஒரு கொம்பைலரின் முன்பக்கம். நோர்வேயில் கப்பல் பம்புகள் செய்கிற ஒரு கம்பனி, அவற்றை இயக்கத் தனக்கென்று ஒரு நிரல்மொழி வைத்திருந்தது. அந்த மொழியில் எழுதியதை வரிவரியாக வாசித்து, பிழை இருந்தால் எந்த வரியில் என்ன பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லி, சரியானதை மட்டும் உள்ளே விடுகிற பகுதிதான் முன்பக்கம். கட்டி முடித்ததை அனுப்ப வேண்டாம், மூல நிரலிலிருந்து முழுவதையும் ஓடும் வடிவத்துக்குப் புதிதாகக் கட்டி, எந்த நேரம் எது கட்டப்பட்டது என்ற பதிவோடு விஜயதசமியன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு ஓட்டிக் காட்டுங்கள், முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று நோர்வேக்காரர் எழுதியிருந்தார். அப்படிக் கட்டி முடிக்க இருபத்திரண்டு மணித்தியாலம் வேண்டும். அவ்வளவு வேலையைத் தாங்க அலுவலகத்தில் அந்த ஒரு பெட்டிதான் இருந்தது.

வாணி விழாவுக்கு அவள் போகவில்லை. மாதத் துடக்கு அன்றைக்கென்று பார்த்து வந்திருந்தது. ஒருவரும் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. "துடக்கு, நான் வரேல்லை" என்று பிரசாந்திக்கு அவளேதான் செய்தி அனுப்பிவிட்டு மானிப்பாய் வீட்டில் இருந்தாள். லப்டொப்பையும் பூசைக்கென்று முதல் நாளே வைத்துவிட்டு வந்திருந்தாள். கொம்பைலர் எழுதத் தெரிந்தவளுக்கு இந்தப் புத்தி! ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிற வழியெல்லாம் அவள் தன்னைத்தான் திட்டினாள்.

அலுவலகத்தில் முதலாளி சுதாகரன் வேட்டி சால்வையோடு கடலை பகிர்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணை, உந்தப் பெட்டியை ஆர் நிப்பாட்டினது?"

"நான்தான், காலமை பத்து மணிக்கு. எங்களுக்குச் சோறு போடுற பெட்டியெல்லே? அதை விட்டிட்டு லப்டொப்புகளை மட்டும் வைச்சுக் கும்பிடுறதே?"

"அது ஓடிக்கொண்டெல்லோ இருந்தது! தொடாதேங்கோ எண்டு தாள் எழுதி ஒட்டினனான்."

"தாள் ஒண்டையும் காணேல்லைப் பிள்ளை. துடைக்கேக்கை விழுந்திருக்கும். ஸ்கிரீனும் கறுப்பாக் கிடந்தது. சும்மா கிடக்குதாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"இன்னும் நாலு மணித்தியால வேலை மிச்சம் இருக்கு."

"நாளைக்கு ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். ஐயர் எடுத்துத் தந்த உடனை போடுமன்."

"அப்ப போட்டால் முடிய ஒண்டே கால் ஆகும். அவையள் பன்னிரண்டுக்கு வந்து நிப்பினம்."

"அதெல்லாம் அம்பாள் பாத்துக்கொள்ளுவா."

தக்சாயினிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூசை மேசையை நோக்கி நடந்தாள்.

"தக்சாயினி, நில்லும்! துடக்கோடை பூசையிலை கை வைக்காதையும்."

அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. பிரசாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். இவருக்கு யார் சொன்னது என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவமானத்தில் தக்சாயினியின் காது சுட்டது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ரெண்டு வருசமா உதைத் தொட்டு வேலை செய்யிறன் அண்ணை. மாசத்திலை முப்பது நாளும் தொட்டனான். அப்பவெல்லாம் ஒருத்தருக்கும் துடக்குத் தெரியேல்லை."

"தூக்கினீரெண்டால் நாளைக்கு இஞ்சாலை வராதையும்!"

அவள் தூக்கினாள். நல்ல பாரம். மாலையை இழுத்து எறிந்துவிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கொண்டுபோய்த் தன் மேசையில் வைத்து வயரைச் செருகினாள். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னால் அது தொடரும். ஆனால் திடீரென்று கரண்ட் பிடுங்கினால் அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் பெயர் மட்டும் இருந்து உள்ளே வெறுமையாகிவிடும். பெயரைப் பார்த்துவிட்டு, இது முடிந்த வேலை என்று பெட்டி தாண்டிப் போகும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தும்போதுதான் கவிழும். அவள் அப்படி வெறுமையாய்ப் போன கோப்புகளைத் தேடினாள். பதினொன்று இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு ஓடவிட்டாள்.

சுதாகரன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டார். பிரசாந்தி மட்டும் ஒரு கிண்ணத்தில் கடலையோடு வந்தாள்.

"அக்கா, அவர் வயரைக் கழட்டேக்கை நான் பக்கத்திலைதான் நிண்டனான். சொல்லியிருக்கலாம்."

"ஓம், சொல்லியிருக்கலாம்."

பிரசாந்தி கிண்ணத்தை வைத்துவிட்டு நின்றாள். அவளிடம் அன்பாகப் பேசத் தக்சாயினிக்கு அன்று மனம் வரவில்லை. இரவு ஒன்பது மணிக்குக் கட்டி முடியும்வரை பிரசாந்தியும் இருந்தாள்.

மறுநாள் வராதையும் என்று சொல்லப்பட்டவள் எட்டரைக்கே வந்து இருந்தாள். சுதாகரன் பார்த்தும் பாராதவர் போலப் போனார். அனுப்பிவிட்டால் பன்னிரண்டு மணிக்கு வாய் திறக்க ஆள் இல்லை என்பது அவருக்கு விடியும்போது விளங்கியிருக்க வேண்டும்.

நோர்வேக்காரர் திரையில் வந்தார். வேண்டுமென்றே மூன்று பிழைகளோடு ஒரு நிரலை அனுப்பினார். முன்பக்கம் மூன்றையும் பிடித்து, வரி எண்ணோடு சொன்னது. இன்னொன்று அனுப்பினார். அதையும் பிடித்தது. அவருக்கு முகம் மலர்ந்தது. பிறகு கட்டிய பதிவைத் திறந்து பார்த்தார்.

"நேற்றுப் பத்து மணியிலிருந்து ஐந்து மணி மட்டும் ஒன்றுமே இல்லையே. என்ன நடந்தது?"

"கரண்ட் போய்விட்டது" என்றார் சுதாகரன் ஆங்கிலத்தில், கண்ணே இமைக்காமல்.

"போகவில்லை" என்றாள் தக்சாயினி. "பூசைக்காகப் பெட்டியை நிறுத்தினார்கள். ஓடுகிறது என்று தெரியாமல் நிறுத்தினார்கள்."

நோர்வேக்காரர் முகத்தைச் சுருக்கினார். "இதை எழுதியவர் அப்போது எங்கே இருந்தார்?"

அவர் குத்திக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். என்றாலும் படத்தைப் பார்த்த நிமிடத்திலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்த கேள்வி அதுதான்.

"எழுதியது நான். வீட்டில் இருந்தேன். அது என்னுடைய பிழை."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். "சரி, எடுத்துக்கொள்கிறோம். பொறுப்பாளர் என்று உங்கள் பெயரைப் போடுகிறேன். எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

திரை அணைந்ததும் சுதாகரன் ஒன்றுமே நடவாதது போல அவல் தட்டோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீரே பிள்ளை? நேற்று அம்பாளுக்கு முன்னாலை வைச்சபடியால்தான் எல்லாம் வடிவா வந்தது. வாற வருசமும் மறக்காமல் வைக்கவேணும்."

தக்சாயினி அவலை எடுக்கவில்லை. பெட்டியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"வையுங்கோ அண்ணை. ஆனால் வாற வருசம் பெட்டிக்குப் பக்கத்திலை நான் நிப்பன். அண்டைக்கு எனக்கு என்ன நாளெண்டாலும் நிப்பன்."