பூசை போட்ட லாரி

இரவு வேலை முடித்து வருகிறவளுக்குக் காலை வெயிலே பகை. மழை என்றால் கேட்கவே வேண்டாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் விடிய விடிய மைக்ராஸ்கோப்பில் கண்ணை நட்டு வைத்துவிட்டு, ஜெயலெட்சுமி தன் பழைய டட்சன் காரில் ஏறும்போது உடம்பில் மிச்சமிருப்பது அலுப்பு ஒன்றுதான். ஆனாலும் அவள்தான் ஓட்டியாக வேண்டும். வீட்டில் ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் ஐந்து வருடமாக ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை.

அந்த ஆள் அவள் கணவன் நல்லமுத்து. ஒரு காலத்தில் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரியை ஓட்டியவன். ஒரு மழை நாள் சாயங்காலம், சரிவில் இறங்கி வந்த லாரி வளைவில் திரும்பாமல் நேரே போய் மரத்தில் மோதியது. நல்லமுத்துவின் வலது முட்டி நொறுங்கிப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெலிண்டான், அதாவது லாரி உதவியாள், காஜா மொய்தீன் அங்கேயே இறந்துபோனான். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

"பிரேக்க மிதிச்சேன். நிக்கல." ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் நல்லமுத்து சொன்னது இதைத்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

லாரி முதலாளி ஐயாத்துரை அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். விபத்துக்கு முந்தின வாரம்தான் அவருடைய கொட்டகையில் ஆயுத பூசை. மனிதர் எதில் சிக்கனம் பிடித்தாலும் பூசையில் பிடிக்கமாட்டார். லாரிகளைக் கழுவி, டயர்களுக்குப் பளபளவென்று கறுப்படித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து ஊரையே கூட்டிவிட்டார். நல்லமுத்துவின் லாரிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது சாட்சாத் ஜெயலெட்சுமிதான். குனிந்து வைத்தவளுக்குப் புதுக் கறுப்பின் மினுமினுப்புத்தான் தெரிந்தது. அந்த டயரில் ரோட்டைப் பிடிக்கும் வரிப்பட்டை இருக்கிறதா இல்லையா என்று பூசை நாளில் யார் தடவிப் பார்க்கிறார்கள்?

"பூசை போட்ட லாரிக்கு என்னாங்க கேடு வரும்?" என்றார் ஐயாத்துரை. "பிரேக்க சோதிச்சுப் பாத்தாச்சு, ஒரு குறையும் இல்ல. ரோட்டுல டயர் தேஞ்ச தடமும் இல்ல. ரெண்டு ஷிப்ட் சேத்து ஓட்டின மனுசன், கண்ணசந்துட்டான். பாவம், யானைக்கும் அடி சறுக்கும்."

இரண்டு ஷிப்ட் ஓட்டச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பூசை போட்ட லாரி, பிரேக்கும் நல்ல பிரேக், ஆகவே ஓட்டினவன் தூங்கிவிட்டான். கணக்கு சுத்தமாக இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறது. ஜெயலெட்சுமியும் அதைத்தான் நம்பினாள், அதுதான் கொடுமை. வாய் திறந்து ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் "மிதிச்சேன், நிக்கல" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம், "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்பாள். அதைவிடப் பெரிய தீர்ப்பு வேறு என்ன வேண்டும்? சில மாதங்களில் அவன் சொல்வதை நிறுத்திவிட்டான். பேச்சும் அதோடு குறைந்துபோனது.

போன வாரம் டட்சனில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியது. டத்தோ கிராமாட்டில் அவர்கள் குடியிருக்கும் அடுக்கு வீட்டுக்குப் பின்சந்தில் பட்டறை வைத்திருந்த வேலுவிடம் கொண்டுபோனாள். வேலு முன்சக்கரங்களைக் கழற்றி, பிரேக் பிடித்து நிறுத்தும் இரும்புத் தட்டுகளைக் காட்டினான். இரண்டும் தேய்ந்து, கீறல் விழுந்து, கோணிக் கிடந்தன.

"டிஸ்க்கு, பேடு ரெண்டையும் மாத்தணும்க்கா. டயரும் போத்தாக். சுத்த மொட்டை. அதையும் சேத்து மாத்திடுங்க லா."

"எல்லாத்தையும் ஒரே மாசத்துல எப்படி தம்பி மாத்துறது? நிறுத்துறது பிரேக்குதானே. டயர் தீவாளிக்கு அப்புறம் பாக்கலாம்."

வேலு உதட்டைப் பிதுக்கினான். புது டிஸ்க் போட்ட வண்டி தொட்டால் நின்றது. ஜெயலெட்சுமிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கோயில் வாசலில் நிறுத்தி, சூடம் காட்டி, நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

இன்று காலை மழை விடாமல் அடித்தது. பக்கத்து இருக்கையில் மலாய்க்காரத் தோழி நோர்மா. ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள், தினமும் இவளோடுதான் வீடு திரும்புவாள். கிரீன் லேன் ரோட்டில் சிவப்பு விளக்கு விழுந்து, முன்னால் ஒரு பள்ளிக்கூட பஸ் நின்றது. ஜெயலெட்சுமி நன்றாகவே பார்த்தாள். போதிய தூரமும் இருந்தது. காலை எடுத்துப் பிரேக்கில் வைத்து மிதித்தாள்.

பெடல் கெட்டியாக நின்றது. பிரேக் பிடித்ததும் தெரிந்தது. கார் மட்டும் நிற்கவில்லை. சோப்பு நுரையில் வைத்த தட்டு மாதிரி, சத்தமே போடாமல் தண்ணீர்மேல் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தாள், யாருக்கோ சொன்ன மாதிரி கார் நேரே போனது. பஸ்ஸின் பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒரு பிள்ளை இவளையே பார்த்தது. "முருகா!" என்று கத்தினாள். கார் பஸ்ஸில் போய் இடித்தது.

நல்ல காலம், பெரிய இடி இல்லை. காரின் ஒரு விளக்கு உடைந்தது, பஸ்ஸின் பம்பர் கொஞ்சம் நசுங்கியது. பின் கண்ணாடிப் பிள்ளை பயப்படுவதற்குப் பதிலாகப் பழிப்புக் காட்டியது. பஸ்காரர் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, பிள்ளைகளுக்கு நேரமாகிறது என்று ஏறிப் போய்விட்டார். ஜெயலெட்சுமியின் கால் இன்னும் பிரேக்கிலேயே இருந்தது.

நோர்மா அவள் தோளில் கை வைத்தாள். "காக், தெர்தீடோர் கா?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டாள். அக்கா, தூங்கிட்டீங்களா?

"தாக் லா," என்றாள் ஜெயலெட்சுமி. இல்லவே இல்லை. "பிரேக்க மிதிச்சேன், நோர்மா. நிக்கல."

மலாயில்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

"தாக் அப்பா லா, காக்," என்றாள் நோர்மா. பரவாயில்லையாம். நோர்மா நல்லவள், அவளும் விடிய விடியக் கண் விழித்தவள். அந்த முகத்தில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. நம்பிக்கைதான் இல்லை. அந்த முகத்தை ஜெயலெட்சுமிக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருடமாக வீட்டில் அவள் வைத்துக்கொண்டிருந்த முகம் அதுதான்.

நோர்மாவை இறக்கிவிட்டு, காரை ஊர்ந்து ஊர்ந்து பட்டறைக்கு ஓட்டிப் போனாள். வேலு சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கைத் தடவி, பேடைப் பார்த்து, பெடலை அமுக்கிப் பார்த்தான்.

"பிரேக்குல ஒரு குறையும் இல்லக்கா."

"அப்ப ஏன் நிக்கல?"

"பிரேக்கு சக்கரத்தத்தான் நிறுத்தும். வண்டிய நிறுத்துறது டயருதான்க்கா. மழைத் தண்ணிய ஒதுக்கித் தள்ளுறது அந்தப் பட்டை. அது இல்லாட்டி டயரு ரோட்ட எங்க தொடும்? பிரேக்கு வேற புதுசு, மிதிச்சதும் சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. வண்டி வழுக்கிக்கிட்டுப் போயிருக்கு."

"ரோட்டுல தடம் விழுமா தம்பி?"

"தண்ணி மேல போனா எங்கக்கா தடம் விழும்?"

"லாரிக்கும் இப்படித்தானா?"

"டயர்னு இருந்தா எல்லாத்துக்கும் இதான் லா."

அங்கே கிடந்த பழைய டயர் ஒன்றின் மேல் ஜெயலெட்சுமி உட்கார்ந்துவிட்டாள். ஐயாத்துரையை நினைத்து ஆத்திரம் பொங்கியது. கறுப்படித்து ஊரை ஏமாற்றிய பாவி. ஆனால் அந்த ஆள் நேற்றைக்கும் யாரோ, இன்றைக்கும் யாரோ. கூடவே படுத்து எழுந்தவள் இவள் அல்லவா? வேலு தேநீர் வாங்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று எழுந்து நடந்தாள்.

நல்லமுத்து சமையலறை முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, வழக்கம்போல் அவளுக்குக் குடிக்கச் சூடாக மைலோ கலக்கிக்கொண்டிருந்தான். நனைந்து வந்தவளைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டான்.

"காரை இடிச்சுட்டேங்க. பள்ளிக்கூட பஸ்ஸுல."

"பிள்ளைங்களுக்கு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. நான் தூங்கலைங்க."

"நான் கேக்கவே இல்லையே."

"நோர்மா கேட்டா."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "பெடல் எப்படி இருந்துச்சு?" என்றான்.

"கெட்டியா இருந்துச்சு. பிரேக் புடிச்சுது. கார்தான் நிக்கல."

"சத்தம்?"

"ஒரு சத்தமும் இல்ல."

"ஸ்டியரிங்?"

"திருப்பினேன். கேக்கல." அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "டயர் மொட்டைங்க. வேலு காட்டினான். லாரி டயரும் அப்படித்தான இருந்துச்சு?"

"மாத்தச் சொன்னேன். மொதலாளிதான் பூசை முடியட்டும்னாரு. அப்பவே உங்கிட்ட சொன்னேனே."

சொன்னான்தான். ஆஸ்பத்திரியில் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதை ஒரு குடிகாரன் சொல்லும் சமாதானம்போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்கள நம்பாமப் போயிட்டேங்க," என்றாள். அவன் கோபப்பட்டுக் கத்தினால் தேவலை என்று இருந்தது. கத்தட்டும், ஐந்து வருடத்தையும் சேர்த்துக் கத்தட்டும்.

அவன் கத்தவில்லை. அவள் சொன்னது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானே அப்படித்தான் நெனச்சுட்டேன் ஜெயா," என்றான். "மிதிச்சது, மொய்தீனேன்னு கத்தினது, எல்லாம் தூக்கத்துல கண்ட கனவுன்னு. தூங்கித்தான் அவனக் கொன்னுட்டேன்னு. இத்தன வருசமா நெதமும்..."

ஜெயலெட்சுமி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் முழிச்சுதான் இருந்தேன்," என்றான்.

"முழிச்சுதான் இருந்தீங்க."

"இன்னொரு தடவ சொல்லு. மொதல்லேருந்து சொல்லு. நீ மிதிச்சப்ப பெடல் கெட்டியாத்தான இருந்துச்சு?"